வில்லங்கச் சான்று

வீட்டுக்கடன் கேட்டு வந்த பத்திரக் கட்டில்
எட்டாவது தாள் தொட்டால் உதிர்கிறது.
வங்கிக்கு நான் எழுதித் தரவேண்டியது ஒரு வரிதான்:
வில்லங்கம் உண்டு, அல்லது இல்லை.

அல்சூர் ஏரிக்கு வடக்கே ஒரு சாலை
காரணமில்லாமல் வளைகிறது.
குன்றில்லை, கோயிலில்லை,
வெட்டாமல் விட்ட மரம்கூட இல்லை.
ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்புவார்கள்.
காரணம் எட்டாவது தாளில் இருந்தது:
1932, குத்தகை, ஐந்து ஏக்கர் பதினோரு குண்டா,
கேப்டன் விட்லாக், நாய்ப் பந்தயத் திடல்,
நீள்வட்டம், ஆற்றுமணல் நாலு அங்குலம்.

நாய்கள் கப்பலில் வந்தன.
முட்டையும் மாட்டுக்கறியும் தின்று
கம்பளி போர்த்தித் தூங்கின.
பார்த்துக்கொண்ட பையன்களுக்கு வாரம் ஒன்றேகால் ரூபாய்;
மார்கழியில் அதே கம்பளிக்குள் அவர்களும்.

சனிக்கிழமை சம்பளத்தோடு
தங்கவயலிலிருந்து ரயிலேறி வருவார்கள்,
நகக்கண்ணில் சுரங்கத்தை வைத்துக்கொண்டு.
ஆறு நாய், ஆறு நிறச் சட்டை, சீட்டு நாலணா.
திரும்பும் ரயிலில் அதிகம் பேச்சிருக்காது.

முன்னால் ஓடியது முயல்.
தேங்காய் நார் அடைத்த சாக்கு,
மேலே வெள்ளைக் கம்பளி, கீழே சக்கரம்.
தண்டவாளத்தில் அதை ஓட்டியவர் சவரிராயன்.
மரக்கோபுரத்தில் உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளுவார்.
முதல் நாயின் மூக்குக்கும் முயலின் வாலுக்கும்
பன்னிரண்டு கஜம்.
கூடினால் நாய்க்கு விட்டுப்போகும்,
குறைந்தால் பிடித்துவிடும்.
அந்தப் பன்னிரண்டு கஜத்துக்குத்தான் சம்பளம்.

முயல்.
நம் மொழியில் பிராணியும் அதுதான், கட்டளையும் அதுதான்.
துரைக்கு இது தெரிந்திருக்காது.
சவரிராயனுக்கு யோசிக்க நேரமிருந்திருக்காது.

1936 ஐப்பசி. இடி விழுந்து
சிவசமுத்திரத்து மின்சாரம் நின்றது.
விளக்குகள் போயின. முயல் நின்றது.
நாய்கள் நிற்கவில்லை.
இருட்டில் ஏதோ கிழியும் சத்தம்.
ஆளாளுக்குத் தீக்குச்சி உரசிப் பார்த்தபோது
நாலாம் எண், நீலச் சட்டை, மிஸ் டாலி,
வாய் நிறைய நார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
மனிதன் சாதிக்கலாம்.
அது பிடித்ததற்குக் காலே இல்லை.

அடுத்த வாரம் கதவு திறந்ததும் ஐந்து நாய் பாய்ந்தன.
டாலி மணலில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது.
பணம் கட்டியவர்கள் கல்லெறிந்தார்கள், வேலி உடைந்தது,
நிலத்துக்காரர் வழக்குப் போட்டார்.
அதனால்தான் இத்தனையும் எனக்குத் தெரியும்:
சாட்சியம் நாற்பது பக்கம், பத்திரத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறது.

கேள்வி: நாய் ஏன் ஓடவில்லை?
சவரிராயன்: அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க.
பக்கத்தில் இங்கிலீஷில் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
காரணம் அறியப்படவில்லை.

சுடச் சொல்லியிருக்கிறார் விட்லாக்.
எட்டு ரூபாய்க்கு ஒரு நாய் விற்ற ரசீதும் இருக்கிறது,
வாங்கியவர் கைநாட்டு. பெயர் கரையானுக்குப் போய்விட்டது.

பிறகு யுத்தம், ராணுவ லாரிகள். மரக்கிடங்கு.
இரண்டு மாதம் கேரளத்து சர்க்கஸ்.
யானை ஒன்றை இங்கே புதைத்தார்கள் என்கிறார்
முனைக் கடைக்காரர்; தாளில் இல்லை,
ஆகவே யானை இல்லை.
1994ல் அடுக்குமாடி. சிக்கனமான பில்டர்,
பந்தயத் திடலின் சுற்றுச்சுவர் மேலேயே கட்டிவிட்டார்.

மதிப்பீட்டாளரோடு நானும் போயிருந்தேன்.
சி பிளாக், மூன்றாம் தளம், வாங்குபவர் ஹேமலதா தினகர்.
இருபது வருடத் தவணை.
படுக்கையறைச் சுவர் லேசாக வளைந்திருக்கிறது,
விற்பவரின் அலமாரி ஒட்டி நிற்கவில்லை.
"இது ஏன் சார் இப்படி?"
சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில்
ஏற்கெனவே திரைச்சீலைக்கு அளவு நாடா.

வில்லங்கம் இல்லை என்று எழுதினேன்.

அலமாரிக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி.
யாரோ குழந்தையின் பந்து உள்ளே கிடந்தது.
கையை விட்டேன். விரல்நுனியில் பட்டது,
கொஞ்சம் உருண்டது.